நோகிறது என்றால் நோகிறது என்று சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினிக்கு முன் இருக்கிறேன். கழுத்தும் தோளும் இறுகி ஒரே நோ. தோழி சொல்லி ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போனேன். மசாஜ் செய்த சிங்களப் பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் அழுத்தம் தாங்க முடியவில்லை. சொல்லக் கூச்சம், என் சிங்களமும் அரைகுறை. ஒரு மணித்தியாலம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் தோளெல்லாம் நீலமாகக் கண்டிப்போயிருந்தது. இனிப் போனால் என்ன சொல்லலாம், எப்படிச் சொல்வது? 10 வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது. போன வருடம் இதயத்தின் இரத்தக் குழாயை விரித்து வைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தார்கள். அஸ்பிரினும் குளோபிடோகிரலும் குடிக்கிறேன்.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த இரண்டு குளிசைகளும் குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுத்து, ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமல் காக்கின்றன. அதனாலேயே, அழுத்தத்தில் தோலுக்குக் கீழ் ஒரு சிறு நாளம் உடைந்தால் கசிவு இலேசில் நிற்காது. உங்கள் தோள் கண்டிப்போனதற்கு அது முக்கியமான காரணமாக இருக்கலாம். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. குறைக்க வேண்டியது அழுத்தத்தைத்தான். முழங்கையால் ஊன்றி அழுத்துவது உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கண்டல் பெருத்துக்கொண்டு போனாலோ, வேறு இடங்களிலும் காரணமில்லாமல் வந்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள்.

சீனி வருத்தத்தையும் மறைக்க வேண்டாம். 10 வருடத்தில் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சூடான எண்ணெயோ ஒத்தடமோ சுட்டால்கூட உங்களுக்குத் தெரியாமல் போகும். காலில் எதை வைப்பதற்கு முன்பும் மசாஜ் செய்பவரையே தன் கையில் சூடு பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, கூச்சத்துக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களிலும் பலர், வயிற்றை அமுக்கும்போது முகம் சுருங்கினாலும் "ஒன்றுமில்லை டொக்டர்" என்பார்கள். மரியாதை என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் எனக்குக் கிடைக்க வேண்டிய தகவல் போய்விடுகிறது. மசாஜ் செய்பவருக்கும் அப்படித்தான். தசை இறுகியிருப்பது அவர் கைக்குத் தெரியும். உங்களுக்கு எவ்வளவு நோகிறது என்பது தெரியாது. நீங்கள் பேசாமல் கிடந்தால், போதாது போலிருக்கிறது என்று இன்னும் அழுத்துவார்.

மேசையில் ஏறுவதற்கு முன்பே கதையுங்கள். குப்புறப் படுத்த பிறகு வாய் வராது. வருத்தங்கள், குளிசைகள், எங்கே நோகிறது, எங்கே தொட வேண்டாம், இவ்வளவும் இரண்டு நிமிடக் கதை. பெண்தான் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேட்கலாம். எந்த உடுப்பைக் கழற்றுவது என்பது உங்கள் முடிவு. தேய்க்கும் இடம் தவிர மற்ற இடத்தைத் துவாயால் மூடச் சொல்லலாம். நல்லெண்ணெய் உடம்பில் கடிக்கும் என்றால் வேறு எண்ணெய் கேட்கலாம். ஏசியின் குளிர் அதிகம் என்றால் அதையும் சொல்லலாம்.

பிறகு அழுத்தத்துக்கு ஒரு கணக்கு பேசிக்கொள்ளுங்கள். நோவே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாதென்றால் 10. மற்றவர்கள் 5 வரை போகட்டும். உங்களுக்கு 3 போதும். மூச்சைப் பிடிக்கிறீர்கள், கால்விரலை மடக்குகிறீர்கள் என்றால் எல்லை தாண்டியாயிற்று. மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். "மெதன ரிதெனவா" என்றால் இங்கே நோகிறது. "ஹெமின்" என்றால் மெதுவாக. "எப்பா" என்றால் வேண்டாம். இந்த மூன்றும் போதும். அதுவும் வராவிட்டால் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்: கழுத்தைத் திருகி "டக்" என்று நெட்டி முறிப்பது. அரிதாகத்தான் நடக்கும் என்றாலும், கழுத்து வழியாக மூளைக்குப் போகும் நாடி கிழிந்து பாரிசவாதம் வரலாம்.

சில நாட்களில் மசாஜுக்கே போகக் கூடாது. காய்ச்சலோடு உடம்பு முறிக்கிறதென்றால், கொழும்பில் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். இரத்தப் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் அஸ்பிரின், குளோபிடோகிரல் பற்றியும் உடனே வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி நொந்தால் அங்கே இரத்தக் கட்டி இருக்கலாம். தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும்.

ஸ்டென்ட் வைத்த உங்களுக்கு இன்னொன்று. படியேறும்போது கூடி, நின்றால் குறைகிற தோள் நோ தசை நோவாக இல்லாமலும் இருக்கலாம். தாமதிக்காமல் இதய வைத்தியரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சு வாங்குவதோ சேர்ந்து வந்தால் 1990 சுவசெரியவுக்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தலை சீவக் கை தூக்க முடியவில்லையென்றால் அது மூட்டே இறுகிப்போகும் "உறைந்த தோள்" என்ற வருத்தமாக இருக்கலாம், சீனி வருத்தக்காரருக்கு அது அதிகம். அதற்கு அரசாங்க வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவுதான் நல்லது.

அதே பிள்ளையிடம் திரும்பப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். கண்டல் முழுதாக மாறட்டும். முதல் தடவை அரை மணித்தியாலம் மட்டும் எடுங்கள். இரண்டு தடவை "ஹெமின்" சொல்லியும் கை இளகவில்லையென்றால் எழுந்து உடுப்பை மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.