பழைய அலுவலகத் தொலைபேசியில் கணினி கேபிளுக்கு இடம் எதற்கு?

சிராங்கூன் சாலையில் ஒரு பழைய அலுவலகத்தைக் காலி செய்தபோது, மேசைத் தொலைபேசியின் பின்னால் கணினி கேபிள் செருகும் இடம் இருந்ததாம். அது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது டேட்டா டெர்மினலுக்கானது; அதாவது, பெரிய கணினியோடு இணைந்து வேலை செய்யும் திரையும் விசைப்பலகையும். 1980களில் பரவிய டிஜிட்டல் பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்), குரலையே எண்களாக மாற்றி அனுப்பியது. நொடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 8 பிட். ஆக 64 கிலோபிட். பாதையே டிஜிட்டல் என்பதால் கணினித் தகவலைத் தொலைபேசி ஒலியாக மாற்றும் மோடம் கட்டடத்துக்குள் தேவைப்படவில்லை. டெர்மினலின் ஆர்எஸ்-232 கேபிளைத் தொலைபேசியில் செருகி, கணினியின் எக்ஸ்டென்ஷன் எண்ணை அழைத்தால் சரி. புதிதாகக் கம்பி இழுக்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிக்கனம்தான். வெளியூர்க் கணினியோடு பேச மட்டும் சில மோடம்களைப் பிபிஎக்ஸில் பொதுவாக வைத்து, எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள்.

ஆனால் பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். டெர்மினலோ நாள் முழுக்கப் பாதையைப் பிடித்து வைத்திருக்கும். அப்புறம் கணினிகளை நேரடியாக இணைக்கும் 10 மெகாபிட் ஈதர்நெட் வலையமைப்பு மலிவானது, தொலைபேசி வழி இணைக்கும் இந்த வழக்கம் மறைந்தது.

ஒன்று கவனம்: பழைய ஃபேக்ஸையோ மோடத்தையோ டிஜிட்டல் எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். அவற்றுக்கு அனலாக் இணைப்பு வேண்டும். மாற்றிச் செருகினால் கருவி பழுதாகலாம்.