லாஃப்ட் அறையும் தீப் பாதுகாப்பும்: கேள்வி பதில்

லாஃப்டை, அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தை, அறையாக்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை; கேட்டவரை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். கவுன்சில் பில்டிங் கண்ட்ரோலில் (கட்டட வேலை விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் பகுதி) பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்தில் கீழ்த்தளமும் ஒரு மேல்மாடியும் உள்ள வழமையான வீடுகளுக்கு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

ஹரோ: பிளானிங் பெர்மிஷன் தேவையில்லை என்று பில்டர் சொல்கிறார். அப்படியென்றால் கவுன்சிலுக்கு ஒன்றும் அறிவிக்க வேண்டாம்தானே?

அறிவிக்க வேண்டும். டெரஸ் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டியது) 40 கன மீட்டர், மற்ற வீடுகளில் 50 வரை, சில நிபந்தனைகளோடு, பிளானிங் இல்லாமல் கூட்டலாம். பில்டிங் ரெகுலேஷன்ஸ், அதாவது கட்டடப் பாதுகாப்பு விதிகள், வேறு விஷயம். லாஃப்டை அறையாக்கினால் அது எப்போதும் உண்டு. 'ஃபுல் பிளான்ஸ்' முறையில் விண்ணப்பியுங்கள். 'பில்டிங் நோட்டீஸ்' கெதியாக முடியும்தான், ஆனால் வரைபடத்தை யாரும் முன்கூட்டிப் பார்த்து அங்கீகரிக்க மாட்டார்கள். படி கட்டி முடிந்தபிறகு அதிகாரி வந்து பிழை சொன்னால் உடைக்கிற காசு உங்களுடையது.

ஈஸ்ட் ஹாம்: கூரையில் பெரிய வெலக்ஸ் யன்னல் போட்டால் அதுவே தப்பும் வழி ஆகாதா? மச்சான் வீட்டில் 2001இல் அப்படித்தான் பாஸ் பண்ணினார்கள்.

மச்சான் சொல்வது சரி, அப்போது அந்த விதி இருந்தது. தீயணைப்பு வண்டி ஏணியோடு வந்து யன்னலால் இறக்கும் என்பது கணக்கு. தீப் பாதுகாப்பு விதிப்புத்தகமான 'அப்ரூவ்ட் டொக்யூமென்ட் பி'யின் 2006 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், 2007 ஏப்ரலில் இருந்து செல்லாது. தப்பும் யன்னல் இன்று வெளி நிலத்திலிருந்து 4.5 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட தளங்களுக்கு மட்டும்தான். திறக்கும் பரப்பு 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, அடி விளிம்பு அறைத் தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. லாஃப்ட் தரை 4.5 மீட்டரைத் தாண்டிவிடும்.

ஆகவே லாஃப்டில் படுப்பவருக்கு இருப்பது படி மட்டும்தான். லாஃப்ட் வாசலில் இருந்து முன்கதவு வரை அந்தப் படியைச் சுற்றியுள்ள சுவர்கள் 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். அந்த வழியில் திறக்கும் அறைக் கதவுகள், கீழே குசினிக் கதவு உட்பட, தீக்கதவுகளாக இருக்க வேண்டும். விதி கேட்பது 20 நிமிடம், கடையில் கிடைப்பது பெரும்பாலும் 30 நிமிடக் கதவு, எஃப்டி30. 44 மில்லிமீட்டர் தடிப்பு, மூன்று பிணைச்சல். கதவு ஓரத்திலோ நிலையிலோ ஒரு பட்டி பதித்திருக்கும், சூட்டில் ஊதி இடைவெளியை அடைக்கும். அந்த இடைவெளி பக்கங்களிலும் மேலேயும் 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால்தான் பட்டி வேலை செய்யும். கதவு நல்லது, பொருத்தினவர் சரியில்லை என்றால் பணம் வீண். விரலை விட்டுப் பாருங்கள், சுண்டுவிரல் நுழைந்தால் திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள்.

தானாக மூடும் கருவியை வீட்டுக்குள் விதி கேட்பதில்லை, கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்கு மட்டும்தான். அதனால் படுக்கப் போகும்போது கதவுகளை நீங்கள்தான் மூட வேண்டும். முன்கதவின் பூட்டும் உள்ளிருந்து சாவியில்லாமல் திருகித் திறக்கிறதாக இருக்கட்டும். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

இல்ஃபோர்ட்: பாத்ரூம் கதவும் மாற்ற வேண்டுமா?

பொதுவாக இல்லை, அதன் சுவர்கள் 30 நிமிடம் தாங்கினால். உங்கள் இன்ஸ்பெக்டரிடம் உறுதிப்படுத்துங்கள்.

டூட்டிங்: கீழே சுவர் எல்லாம் எடுத்து ஒரே ஹோலாக்கிவிட்டோம். படி ஹோலுக்குள் இறங்குகிறது. லாஃப்ட் போடலாமா?

இப்போது இருக்கிற மாதிரியே முடியாது. சோபா எரிந்தால் புகை நேரே படியில் ஏறும். படியடியில் இருந்து முன்கதவு வரை மறுபடி சுவர் எழுப்புங்கள். மலிவும் அதுதான், பராமரிப்பும் இல்லை. அல்லது படியடியில் இருந்து வெளியே போக இரண்டு வழி வேண்டும், அவை இரண்டையும் தீத்தாங்கும் சுவரும் கதவும் பிரிக்க வேண்டும்.

டூட்டிங் மறுபடி: ஸ்ப்ரிங்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிப்பது) போட்டால் சுவரே தேவையில்லை என்று விற்பவர் சொல்கிறாரே.

பாதியைச் சொல்லியிருக்கிறார். அப்ரூவ்ட் டொக்யூமென்ட் பி சொல்வது: திறந்த பகுதிக்கு ஸ்ப்ரிங்ளர், அதோடு கீழ்த்தளத்தை மேலிருந்து பிரிக்கும் சுவரும் தீக்கதவும், லாஃப்டில் இருப்பவர் இறங்கி முதல்மாடித் தப்பும் யன்னலை அடையும் வசதி, அத்தோடு குசினியும் தனியாக அடைத்திருக்க வேண்டும்.

குரோய்டன்: என் வீட்டில் ஸ்ப்ரிங்ளர் மட்டும் போட்டே சான்றிதழ் தந்தார்கள். அண்ணா சும்மா பயமுறுத்துகிறார்.

தம்பி, உங்கள் வரைபடத்தை நான் பார்க்கவில்லை. தீப்பொறியாளர் ஒருவர் கணக்குக் காட்டி, பில்டிங் கண்ட்ரோல் ஏற்றால் வேறு தீர்வும் நடக்கும். அது உங்கள் வீட்டுக்கான தீர்வு, டூட்டிங்காரருக்கு வராது. ஸ்ப்ரிங்ளர் சூட்டில்தான் திறக்கும், வழமையான தலை 68 பாகையில். மெத்தையோ சோபாவோ கனன்று புகைகிறபோது, அந்தச் சூடு வருமுன்னே படி புகையால் நிறையலாம். நித்திரையில் இருப்பவரைக் கொல்வது பெரும்பாலும் புகை. எழுத்தில் சம்மதம் வரும்வரை யாரும் எதையும் வாங்க வேண்டாம்.

லெஸ்டர்: இந்த வாக்குவாதத்தில் எனக்கும் பங்கு. சுவர் வைத்தால் வீடு இருண்டு போகுமே?

தீத்தாங்கும் கண்ணாடி உண்டு, விலைதான் அதிகம். சாதாரண டஃபன்ட் கண்ணாடி, அதாவது எளிதில் உடையாதபடி கடினமாக்கியது, அதற்கு ஈடாகாது. மூலையில் பொறித்திருக்கும் முத்திரையை வாசித்துப் பாருங்கள்.

வெம்ப்ளி: படிக்குக் கீழே சாமியறை. பிரச்சினையா, அண்ணா?

அக்கா, விதிப்புத்தகம் விளக்கைப் பற்றிப் பேசாது, நான் பேசுகிறேன். தப்பிப் போகிற ஒரே வழியின் அடியில் எரிகிற விளக்கும் எண்ணெய்ப் போத்தலும் கற்பூரமும் வேண்டாம். ஹோலில் ஒரு கிழக்கு மூலை பாருங்கள், சாமி கோபிக்க மாட்டார். தள்ளுவண்டி, சப்பாத்துக் குவியல் எல்லாம் படியடியில் இருந்து போகட்டும்.

ஹவுன்ஸ்லோ: வெலக்ஸ் யன்னலால் தப்பலாமா?

ஈஸ்ட் ஹாம் பதிலைப் பாருங்கள்.

ஹரோ: என்ன அலாரம்?

மின்சாரத்தில் ஓடுவது, பற்றரி பின்துணையோடு, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கிற மாதிரி இணைத்தது. ஒவ்வொரு தளத்திலும் படிவழியில், படுக்கையறை வாசலில் இருந்து 7.5 மீட்டருக்குள், சுவரிலிருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளி. குசினிக்குப் புகை அலாரம் வேண்டாம், சூட்டு அலாரம் போடுங்கள். தாளிக்கிற புகைக்குக் கத்துகிறது என்று கழற்றி லாச்சியில் வைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

சவுத்ஹோல்: லாஃப்டை வாடகைக்கு விடலாமா?

அது லைசென்ஸ் விஷயம். உங்கள் கவுன்சிலின் ஹவுசிங் பகுதியைக் கேளுங்கள்.

ஸ்லவ்: கயிற்று ஏணியோடு வெலக்ஸ்?

இல்லை. ஏணியோடும் இல்லை. படி, கதவு, சுவர்.

ஈஸ்ட் ஹாம்: வாங்கின வீட்டில் லாஃப்ட் அறை இருக்கிறது, சான்றிதழ் இல்லை.

'ரெகுலரைசேஷன்' என்று கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். சில இடங்களைத் திறந்து காட்டச் சொல்வார்கள். ஒளித்து வைத்தால் காலம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். திருத்தச் சொல்லும் நோட்டீசுக்கு முன்பு ஒரு வருடம் எல்லை, 2023 அக்டோபரில் இருந்து பத்து வருடம். சான்றிதழ் கிடைக்கும்வரை அங்கே பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள்.

பார்க்கிங்: டெரஸ் வீடு. வேலை தொடங்குமுன் நான் பார்க்கக்கூடியது ஏதாவது?

டோர்ச்சோடு லாஃப்டுக்குள் ஏறி, பக்கத்து வீட்டோடு சேரும் சுவரை உச்சிவரை பாருங்கள். பழைய டெரஸ்களில் செங்கல் விழுந்த ஓட்டைகளும், சில இடங்களில் கூரை மட்டம் வரை எட்டாத சுவரும் இருக்கும். அவற்றைச் செங்கல்லும் சாந்தும் வைத்து அடைக்கும் வேலையை பில்டரின் விலைப்பத்திரத்தில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பிளாஸ்டர்போர்டு அடித்த பிறகு அதை ஒருவரும் பார்க்க முடியாது.