புதன் மாதிரிக்குக் கரு எவ்வளவு பெருசு வைக்கணும்?

பொண்ணோட கண்காட்சிக்கு 12 செ.மீ. ஆரத்துல புதன் கோளோட குறுக்குவெட்டு செய்றீங்க, கருவோட அளவு கேட்டிருந்தீங்க. பூமிப் படத்தைப் பார்த்துப் பாதி வைக்காதீங்க. புதனோட ஆரம் சுமார் 2,440 கி.மீ.; இரும்புக் கரு மட்டுமே அதுல 2,000 கி.மீ. கிட்ட. அதனால 10 செ.மீ. கருவுக்கே விடுங்க, மிச்சம் பாறை. கருவோட வெளிப்பகுதி இன்னும் உருகித்தான் இருக்கு, காந்தப்புலம் வர்றது அங்கிருந்துதான். அதுக்குத் தனி நிறம் கொடுங்க.

மேல வெறும் பள்ளமா போட்டா நிலா மாதிரி ஆயிடும். உள்ளே ஆற ஆற கோளே சுருங்கி, மேலோடு உடைஞ்சு ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கு. மெசஞ்சர் விண்கலப் படங்கள்ல அந்தச் சரிவுகள் பள்ளங்களையே குறுக்கே வெட்டிட்டுப் போகும், பார்க்கவே அவ்வளவு அருமை! களிமண் ஈரமா இருக்கும்போதே ஒரு பள்ளத்துக்குக் குறுக்கே கத்தியால கீறி, ஒரு பக்கத்தை லேசா மேல தள்ளிவிடுங்க.