கிராக்கும் வெடியும்

கேள்வி: தேர்வில் ஜெயித்தாலும் கிராக், கோப்பையில் கீறல் விழுந்தாலும் கிராக், மூளை குழம்பினவனும் கிராக். வேறு சொல் கிடைக்காமல் ஒன்றையே வைத்து ஒப்பேற்றும் ஆங்கிலத்தைப் போய் வளமான மொழி என்கிறார்களே?
— வாசகர், புளியரை

பதில்: சரி, முதலில் உங்கள் குதிகாலைப் பாருங்கள். பித்தவெடிப்பு இருக்கிறதா? வெயிலில் வயல் வெடிக்கிறது, செடியில் பருத்தி வெடிக்கிறது, தீபாவளிக்கு வெடி வெடிக்கிறது, மொய் எழுத மறந்தால் மாமனார் வெடிக்கிறார். இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்து நீங்கள் ஒப்பேற்றுகிறீர்களே, தமிழ் ஏழையாகிவிட்டதா?

கிராக் என்பது அடிப்படையில் ஒரு சத்தம். காய்ந்த சுள்ளியை ஒடித்தால் வருமே, அது. சத்தம் கேட்டால் ஏதோ உடைந்திருக்கும், அதனால் விரிசலுக்கும் அதே பெயர். விரிசல் மண்டைக்குள் விழுந்ததாக வைத்துக்கொண்டால் நம்மூர் 'அவன் ஒரு கிராக்கு'. கொட்டையை உடைத்துப் பருப்பை எடுப்பது, பூட்டை உடைப்பது, ரகசியக் குறியீட்டை உடைப்பது என்று போய், கடைசியில் கோச்சிங் சென்டர் பேனரில் நம் பிள்ளைகள் நீட் தேர்வை உடைக்கிறார்கள். எண்பதுகளில் அமெரிக்காவை ஆட்டிவைத்த போதைப்பொருளுக்கும், சூடாக்கும்போது படபடவென்று பொரிவதால்தான் அந்தப் பெயர். (கிராக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதைக் கேட்டு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.) அதிகாலைக்குக்கூட 'கிராக் ஆஃப் டான்' என்று ஒரு கிராக் வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நமக்கும் பொலபொலவென்றுதான் விடிகிறது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. முன்பு பெருமையடிப்பதற்கும் கிராக் என்றே பெயர். குறி தப்பாமல் சுடுகிறவனை 'கிராக் ஷாட்' என்பது அந்தப் பெருமையின் மிச்சம். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அது அரட்டை. அந்த அரட்டை அயர்லாந்துக்குப் போய், போன நூற்றாண்டில் ஐரிஷ் எழுத்துக்கூட்டலும் (craic) வாங்கிக்கொண்டு, இன்று பலர் அதை அசல் ஐரிஷ் சொல்லென்றே நம்பும் அளவுக்கு அங்கேயே குடியேறிவிட்டது.

சத்தத்துக்கும் அரட்டைக்கும் என்ன உறவு என்பீர்கள். உங்கள் ஊர் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஆரியங்காவில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்காருங்கள். வெட்டிப்பேச்சுக்கு மலையாளத்தில் என்ன பெயர்? வெடி பறைவது. நாலு பேர் கூடிவிட்டால் வெடிவட்டம். சபரிமலையில் வெடி வழிபாடு, துப்பாக்கிச் சூட்டுக்கு வெடிவைப்பு. இன்னொரு பொருளும் உண்டு, குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் அதை எழுத முடியாது. அயர்லாந்துக்காரரும் ஆரியங்காவுக்காரரும் கலந்துபேசியா வெடிச் சத்தத்துக்குப் பக்கத்தில் அரட்டையை உட்கார வைத்தார்கள்?

உங்கள் ஊரே 1956 நவம்பர் 1 வரைக்கும் மலையாளம் பேசும் திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததுதான். எனக்குக் கடிதம் எழுதின நேரத்தில் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் வெடிவட்டம் என்றால் என்னவென்று கேட்டிருக்கலாம்.