பேசும் பொம்மைக்கு நல்ல சத்தம், குறைந்த செலவில்: கேள்வி பதில்

ஸ்பீக்கர், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சுற்று), குரல் பதிவு, பேட்டரி, பெட்டி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மோட்டார், ரிமோட் பக்கம் இன்று போகப்போவதில்லை. கேட்கும்போது ஸ்பீக்கர் என்ன அளவு, பேட்டரி எத்தனை, ஸ்பீக்கருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மின்மினி: சார், 40 மிமீ ஸ்பீக்கர், 8 ஓம், அரை வாட். மூன்று ஏஏஏ செல். பின்னால் ஒன்றும் இல்லை, பொம்மையின் வயிற்றுக்குள் அப்படியே தொங்குகிறது. தகர டப்பாவுக்குள் பேசுவது மாதிரி இருக்கிறது. பெரிய ஆம்ப் போட்டால் சரியாகுமா?

ஆகாது. அதே டப்பா சத்தம் இன்னும் உரக்கக் கேட்கும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 69 சென்டிமீட்டர், உங்கள் ஸ்பீக்கரோ 4 சென்டிமீட்டர். பின்பக்க அலை விளிம்பைச் சுற்றி முன்னால் வந்து முன்பக்க அலையைத் தின்றுவிடுகிறது. குரலின் கனமெல்லாம் இப்படித்தான் காணாமல் போகிறது, மிஞ்சுவது கீச்சுக் கீச்சென்ற மேல்பகுதி மட்டும். ஓர் அட்டையில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டம் வெட்டி, அதில் ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் குரல் தடித்துவிடும்.

அட்டையைப் பொம்மைக்குள் வைக்க முடியாது, அதனால் பின்பக்கத்தை ஒரு சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தால் மூடுங்கள். அதற்குள் காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. இடம் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று விறைப்பாகி, ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு (அது தானாகவே அதிகம் அதிரும் அலைவெண்) மேலே ஏறிவிடும். மூடிய பெட்டியில் ஒத்ததிர்வுக்குக் கீழே ஒலி ஒவ்வொரு எண்மத்துக்கும், அதாவது அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் (ஒலி உரப்பின் அளவு) வீதம் சரியும் என்பதால் அது எங்கே நிற்கிறது என்பது முக்கியம். 20 கன சென்டிமீட்டரிலிருந்து 60-க்குப் போனால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

அப்புறம் கசிவு. ஒயர் போகும் துளை, திருகுத் துளை, பேட்டரி அறையோடு சேரும் இடுக்கு எல்லாவற்றையும் பசை வைத்து அடையுங்கள். ஸ்பீக்கர் விளிம்புக்கும் பொம்மையின் ஓட்டுக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்ச் வளையம் வையுங்கள். முன்பக்கத்தில் அழகுக்காக நாலைந்து ஊசித் துளை போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். துளைகளின் மொத்தப் பரப்பு கூம்பின் பரப்பில் கால் பங்காவது இருக்க வேண்டும். கடைசியாக 200-லிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலி ஒன்றை ஓடவிட்டு, எங்கெல்லாம் ஓடு கிர்ரென்று அதிர்கிறதோ அங்கெல்லாம் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அடங்கினால் அந்த இடத்தில் உட்புறமாக ஒரு விலா, அதாவது ஓட்டை விறைப்பாக்கும் பட்டை, வைக்க வேண்டும், அல்லது ஒரு சொட்டுப் பசை.

ஆம்ப் விஷயத்துக்கு வருகிறேன். திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். 3 டெசிபல் அதிக உணர்திறன் (அதே திறனுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலும் அதே பலன்தான், பேட்டரியும் பிழைக்கும்.

செல்லக்கிளி: எத்தனை வாட் ஸ்பீக்கர் வாங்கலாம்?

வாட் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு, எவ்வளவு உரக்கப் பாடும் என்ற கணக்கு இல்லை. உணர்திறனைப் பாருங்கள்.

ஒயர்மேன்: மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து (பொம்மையை இயக்கும் குட்டிக் கணினிச் சில்லு) பிடபிள்யூஎம் மூலம், அதாவது மின்துடிப்பின் அகலத்தை மாற்றி, குரல் எடுக்கிறேன். பின்னணியில் விடாமல் விசில் அடிக்கிறது. ஸ்பீக்கரை நேராக அந்தச் சில்லின் பின்னிலேயே (மின்முனை) இணைத்திருக்கிறேன்.

முதலில் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். 5 வோல்ட்டை 8 ஓமில் விட்டால் 600 மில்லி ஆம்பியருக்கு மேல் போகப் பார்க்கும், அந்தப் பின்னோ சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. விசிலுக்குக் காரணம் பிடபிள்யூஎம் அலைவெண் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பது. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 8-ஆல் வகுத்து 8 பிட்டில் ஓட்டினால் 7.8 கிலோஹெர்ட்ஸ்தான் வரும், அது காதைத் துளைக்கும். வகுக்காமல் விட்டால் 62.5 கிலோஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்காது. பிறகு 1 கிலோஓம் மின்தடை, 22 நானோஃபாரட் கெபாசிட்டர் என்று ஒரு வடிகட்டி, அதற்குப் பின் சின்ன ஆம்ப். ஒலி தொடங்கும்போது ‘டப்’ என்று கேட்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கும். பிடபிள்யூஎம் அளவைப் பூஜ்ஜியத்திலிருந்து நடுமதிப்புக்கு மெல்ல ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு ஆம்பைத் திறந்துவிடுங்கள். முடிக்கும்போது முதலில் ஆம்பை மூடுங்கள்.

பாட்டுப்பெட்டி: இரண்டு நிமிடக் குரலுக்கு எவ்வளவு நினைவகம் தேவை?

8 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 8000 மாதிரி) சுருக்காத 8 பிட் பதிவு என்றால் நொடிக்கு 8000 பைட். 16 கிலோஹெர்ட்ஸில் 4 பிட் ஏடிபிசிஎம் (ஒலி எவ்வளவு மாறியது என்பதை மட்டும் சேமிக்கும் சுருக்கமுறை) என்றாலும் நொடிக்கு அதே 8000 பைட். ஒரே இடம்தான் பிடிக்கிறது, ஆனால் முதலாவதில் மாதிரி வேகத்தில் பாதியான 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது, ‘ஸ’வும் ‘ஃப’வும் ஒன்றாகக் குழம்பிவிடும். சொல் கற்கும் குழந்தைக்கு அது பெரிய இழப்பு. இரண்டாவதையே எடுங்கள். 8 மெகாபிட் ஃப்ளாஷ் ஒன்றில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலேயே அடங்கும்.

தாளம்: அண்ணே, பேஸ் சத்தம் வேண்டும். என்ன செய்யலாம்?

பதிவிலிருந்து பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, வெட்டிவிடுங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். 40 மிமீ ஸ்பீக்கரால் 150 ஹெர்ட்ஸைத் தர முடியாது. ஆனால் அதைத் தர முயன்று கூம்பு தலைதெறிக்க ஆடும், அந்த ஆட்டம் மற்ற எல்லா ஒலியையும் கரகரப்பாக்கும், பேட்டரியையும் குடிக்கும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அதனால் கிடைத்த இடைவெளியில் மொத்தப் பதிவின் உரப்பையும் உயர்த்துங்கள். அடிப்படை ஒலி இல்லாவிட்டாலும் அதன் மடங்குகளை வைத்தே மூளை சுருதியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தொலைபேசியில் கனத்த குரலைக் கனத்த குரலாகவே கேட்கிறோமே, அதுவும் இதனால்தான்.

பிட்வேகம்: இவ்வளவு சுற்றுவது எதற்கு? மெமரி கார்டு போடும் எம்பி3 மாட்யூல் மலிவாகக் கிடைக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். தரம் என்றால் அதுதானே?

ஒரே ஒரு பொம்மை செய்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். நிறையச் செய்யப்போகிறீர்கள் என்றால் யோசியுங்கள். பிரபலமான சில மாட்யூல்கள் சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கின்றன. 1000 மில்லி ஆம்பியர்-மணி உள்ள ஏஏஏ செல்கள் ஒன்றும் பேசாமலே இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பொம்மை கீழே விழுந்தால் கார்டு நழுவும். பொத்தானை அழுத்தியதும் உடனே பேசாது, குழந்தை அதற்குள் மறுபடி அழுத்திவிடும்.

பிட்வேகம்: நான் தரத்தைக் கேட்டேன், நீங்கள் பேட்டரியைப் பேசுகிறீர்கள். 8 பிட்டில் இரைச்சல் வருமா வராதா?

வரும். 8 பிட்டில் இரைச்சல் உச்ச ஒலியிலிருந்து ஏறத்தாழ 50 டெசிபல் கீழே இருக்கும், மெதுவாகப் பேசும் இடங்களில் அது தெரியும். அதனால்தான் பதிவைச் சுருக்கும் முன்பே மெல்லிய இடங்களை உயர்த்தி எல்லாவற்றையும் சம உரப்புக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். ஆனால் 44.1-இல் கூடுதலாகக் கிடைப்பது 8-லிருந்து 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. அதை உங்கள் ஸ்பீக்கர் எவ்வளவு தருகிறது? அதைச் சொல்லுங்கள்.

காதுகொடு: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு வகைப் பதிவையும் ஒரே பொம்மையில் போட்டு வீட்டில் கேட்கச் சொன்னேன். எது எது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிட்வேகம்: உங்கள் ஸ்பீக்கர் மட்டம். நல்ல ஸ்பீக்கர் என்றால் தெரியும்.

பிட்வேகம், நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. நல்ல ஸ்பீக்கர் இருந்தால்தான் தெரியும் என்றால் பணம் முதலில் எங்கே போக வேண்டும்? ஸ்பீக்கருக்கும் அதன் பின்பெட்டிக்கும். ஒரு சோதனை செய்யுங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பதிவு, 44.1 பதிவு, இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஒரே பதிவை வைத்துக்கொண்டு பின்பெட்டியை மாட்டியும் கழற்றியும் கேளுங்கள். முதல் வித்தியாசத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கும். இரண்டாவது அடுத்த அறையில் இருப்பவருக்கே தெரியும்.

அலைவரிசை: இசைக்கு மட்டும் பதிவே வேண்டாமே, சில்லிலேயே உருவாக்கலாமே?

இதைக் கேட்டதற்கு நன்றி. மெட்டு என்பது எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற சில நூறு பைட்டுகள்தான். ஒரு மணியின் ஒலியோ வீணை நரம்பின் ஒலியோ ஒரேயொரு குட்டி மாதிரியை நினைவில் வைத்து, அதை வெவ்வேறு வேகத்தில் படித்தால் எல்லாச் சுரமும் வந்துவிடும். ஒவ்வொரு சுரமும் மெல்லத் தேய்ந்து அடங்கும்படி செய்யுங்கள், அதை விட்டுவிட்டால் பஸ்ஸர் மாதிரிதான் கேட்கும். பேச்சிலும் இந்த வழி உண்டு. 1978-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டுவந்த ஸ்பீக் அண்ட் ஸ்பெல் பொம்மை குரலை ஒலியலையாகச் சேமிக்கவில்லை. தொண்டையும் வாயும் ஒலியை வடிகட்டும் விதத்தைச் சில எண்களாக மாற்றி வைத்துக்கொண்டு, ஒரே சில்லில் அதிலிருந்து குரலைத் திரும்பக் கட்டியது. நினைவகம் தங்கம் விலை விற்ற காலத்தில் செய்த வேலை அது. இன்றைக்கும் அதைப் படித்துப் பார்ப்பது வீண்போகாது.

பிட்வேகம்: சோதித்துவிட்டு வருகிறேன்.

வாருங்கள். என்ன கேட்டது என்பதை அப்படியே எழுதுங்கள்.

சிட்டு: 5 வாட் ஆம்ப் போட்டால் நன்றாக இருக்குமா?

மின்மினிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பஞ்சுமூட்டை: துணிப் பொம்மை. பஞ்சுக்குள் ஸ்பீக்கர். ஒன்றும் புரியவில்லை, இன்னும் உரக்க வேண்டும்.

உரப்பைக் கூட்டாதீர்கள். பஞ்சு மேல் அலைவெண்களை விழுங்கிவிடுகிறது, சொல் புரிவது அவற்றால்தான். பெட்டியைத் துணியை ஒட்டினாற்போல் கொண்டுவந்து, முன்னால் பஞ்சு இல்லாமல் தையுங்கள். பதிவில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள். காது அங்கேதான் கூர்மை.

இதை எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: குழந்தை பொம்மையைக் கட்டிப்பிடிக்கும், காதில் வைத்து அழுத்தும். 50 சென்டிமீட்டரில் அளந்த ஒலி 2.5 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 26 டெசிபல் கூடிவிடும். காதருகே வைக்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஓ 8124-1, ஈஎன் 71-1 போன்ற பொம்மைப் பாதுகாப்புத் தரநிலைகளில் தனி ஒலி வரம்பே இருக்கிறது. விற்கப்போகிறவர்கள் அதைப் படிக்காமல் அச்சு வார்க்கக் கொடுக்காதீர்கள். தெளிவு வேறு, உரப்பு வேறு. தெளிவு கிடைத்துவிட்டால் உரப்பைக் குறைக்கலாம்.

பொத்தான்: இடமில்லை, பட்டன் செல் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். அது ஆம்புக்குத் தேவையான மின்னோட்டத்தைத் தராது என்பது சிறிய காரணம். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பிக்கும் என்பது பெரிய காரணம். எந்த செல் என்றாலும் மூடிக்குத் திருகு போடுங்கள்.

மங்கல்: மூன்று செல், எல்எம்386 ஆம்ப். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் குரல் உடைகிறது, சில நேரம் பொம்மை முதலிலிருந்து பேச ஆரம்பிக்கிறது.

எல்எம்386-க்குக் குறைந்தது 4 வோல்ட் வேண்டும். மூன்று செல் புதிதாக 4.5, பாதி தீர்வதற்குள் 4 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். 2.5 வோல்ட் வரை ஓடக்கூடிய, ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக ஓட்டும் பாலம் வகை ஆம்ப் எடுங்கள். பிஏஎம்8302 போல. அதே மின்னழுத்தத்தில் கோட்பாட்டளவில் நான்கு மடங்கு திறன் தரும், வெளியீட்டில் பெரிய கெபாசிட்டரும் தேவையில்லை. முதலிலிருந்து பேசுவது, உரத்த சொல் வரும்போது தேய்ந்த செல்லின் மின்னழுத்தம் சட்டென்று விழுந்து மைக்ரோகண்ட்ரோலர் மறுதொடக்கம் ஆவதால். ஆம்புக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகும் மின்சாரத்தைச் சிறிய டையோடு வழியாகவும் தனிக் கெபாசிட்டர் வழியாகவும் கொடுங்கள்.

வண்டு: பஸ்ஸரில் குரல் வருமா?

வரும், கேட்கச் சகிக்காது. பீப் ஒலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவிக்கொத்து: ப்ளூடூத் சேர்ப்பது எப்படி?

ரேடியோ பக்கம் வேலை செய்பவரிடம் கேளுங்கள் தம்பி.

குட்டியானை: எத்தனை வாட் ஸ்பீக்கர் நல்லது?

இது ஏற்கெனவே வந்த கேள்வி. செல்லக்கிளிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ஸ்பீக்கருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்களும் எழுதவில்லை.

பிட்வேகம்: சோதித்தேன். பின்பெட்டி வித்தியாசம் உண்மைதான். 16-க்கும் 44.1-க்கும் பாட்டில் கொஞ்சம் தெரிந்தது, பேச்சில் தெரியவில்லை. பெட்டியை நிரந்தரமாக ஒட்டிவிடப் போகிறேன், சூப்பர் குளூ போதுமா?

பாட்டில் தெரிந்தால் பாட்டுக்கு மட்டும் 22 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், நியாயமான செலவுதான். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி கூம்பின் ஓரத்தில் படிந்து விறைக்க வைக்கும். ஹாட் குளூ போதும். சிலிகான் என்றால் வினிகர் வாடை வராத வகையாகப் பாருங்கள், வாடை வரும் வகை செம்புக் கம்பியை அரிக்கும். ஒட்டுவதற்கு முன் ஒயர் துளையை அடைத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.