வர்ணம் கடைசியில், பீலி முதலில்

கேள்வி: செட்டியார் தெருப் பக்கம் எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்குள் பதினான்கு பழைய மாடிக் கடைகள் இருக்கின்றன. முகப்புகளுக்கு ஒரே வர்ணம் பூசி, உல்லாசப் பயணிகளை நடந்து பார்க்க அழைக்க நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?
— வாசகர், கொழும்பு 11

பதில்: வர்ணத்தைக் கடைசிக்கு விடுங்கள். முதல் வேலை பதிவு. கடைக்கு ஒரு தாள்: முகப்பின் படம், காணி உறுதியில் உள்ள ஆண்டு, உரிமையாளர், குத்தகைக்காரர், கூரை, மழைநீர்ப் பீலி, மாடி மரம், சுவர் ஆகியவற்றின் நிலை. உரிமை பலருக்குப் பிரிந்த கட்டடத்தில்தான் வேலை பாதியில் நிற்கும். எல்லோருடைய எழுத்துச் சம்மதத்தையும் இப்போதே வாங்குங்கள்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்கள் தொன்மைச் சின்னங்கள். பிந்தியவற்றையும் நூறு வயது கடந்திருந்தால் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பிரகடனப்படுத்தலாம். ஆகவே ஆணி அடிக்கும் முன்பே தொல்பொருள் திணைக்களத்தில் பட்டியலைக் காட்டுங்கள். மாநகர சபையிடமும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் எதற்கு அனுமதி வேண்டும் என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

பழுது பார்ப்பது கூரையிலிருந்து கீழே வர வேண்டும். உடைந்த ஓடு, அடைத்த பீலி, சுவரில் முளைத்த அரசங்கன்று இவற்றை மே மாத மழைக்கு முன் முடியுங்கள். கன்றை இழுத்துப் பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வரும். அடியில் வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்த பிறகே எடுக்க வேண்டும்.

அதிகம் பேர் கெடுப்பது சுவரை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுத்தான் உயிரோடிருக்கும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லை மாவாக்கிவிடும். விரல் மொட்டியால் தட்டுங்கள்; டொக்கென்று வெற்றொலி கேட்டால் பூச்சு விட்டுப்போயிற்று. கையுளியால் மெல்லப் பெயர்த்து, சுவரைக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத ஆற்றுமணல் 3 பங்கு என்ற கலவையை மெல்லிய படைகளாகப் பூசுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வெயிலில் அவசரமாய்க் காய்ந்தால் வெடிக்கும். அதற்குமேல் பிளாஸ்டிக் வர்ணம் வேண்டாம். சுண்ணாம்புக் கரைசலே போதும், நீர்த்துப்போன பதத்தில் நாலைந்து தடவை. நிறம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பழைய பூச்சைச் சுரண்டிப் பார்த்து, அந்தந்தக் கடைக்கு இருந்த நிறத்தையே கொடுங்கள்.

கேள்வி: எந்த வழியாக, எத்தனை பேரை அழைத்துச் செல்லலாம்?
— அதே வாசகர்

பதில்: பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு மணிநேரம், காலை ஏழரைக்குப் புறப்பாடு. நேரம் போகப் போக லொறிகளும் சுமை தூக்கும் நாட்டாமிகளின் வண்டிகளும் தெருவை நிரப்பிவிடும். அவர்கள் பிழைப்பை மறித்து நின்று படம் எடுக்க விடாதீர்கள். இரண்டாம் குறுக்குத் தெருவின் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலில் தொடங்கி, 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம், செட்டியார் தெருக் கதிர்வேலாயுத சுவாமி கோயில்கள், கருங்கல்லில் எழுந்த பொன்னம்பலவாணேசர் கோயில், மேட்டிலுள்ள 1757ஆம் ஆண்டின் வுல்பெண்டால் தேவாலயம் என முடிக்கலாம். பள்ளிவாசலுக்கு வெள்ளி நண்பகல் வேண்டாம். கோயில்களில் பூசை நேரத்தை முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். கழிப்பறைக்கும் குடிநீருக்கும் வழியில் இரண்டு கடைகளோடு பேசி வையுங்கள். பெயர்ப்பலகை மும்மொழியிலும் இருக்கட்டும். திருகாணியைச் செங்கல்லில் இறக்காமல் சாந்து இடுக்கில் இறக்குங்கள்.