அமெரிக்க ப்ளூ-ரே ஓடவில்லையா? வட்டில் பழுதில்லை

அமெரிக்காவிலிருந்து அக்கா வாங்கி வந்த சத்யஜித் ராயின் அபு படத் தொகுப்பு உங்கள் ப்ளேயரில் ஓடவில்லை, விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ப்ளூ-ரே வட்டுகளுக்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டு போட்டிருக்கிறார்கள்; ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்து ப்ளேயரில் ஓடாது. அந்தத் தொகுப்பை வெளியிட்ட அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் அங்கே வெளியிடும் ப்ளூ-ரே மண்டலம் ஏ. இந்தியா மண்டலம் சி. அவ்வளவுதான் சங்கதி. அட்டையின் பின்பக்கம் பாருங்கள், பொடியாக 'A' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும்.

டிவிடி காலத்தில் ரிமோட்டில் ரகசிய எண்களைத் தட்டி மண்டலப் பூட்டைத் திறந்த ஞாபகத்தில் இப்போதும் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் ஒரு ஞாயிறு முழுக்கத் தட்டினேன்; டிவிடி பூட்டுதான் திறந்தது, ப்ளூ-ரே அசையவில்லை. எல்லா மண்டலமும் ஓடும்படி மாற்றிய ப்ளேயர் இருந்தால் ஓடும். ப்ளூ-ரேயைவிடத் துல்லியமான 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டே கிடையாது, ஆனால் அதற்கு 4கே ப்ளேயர் வேண்டும். அதே பெட்டியில் வரும் சாதா ப்ளூ-ரே அப்போதும் மண்டலம் பார்க்கும்.

விற்பதா? 1993-இல் லண்டன் பிலிம் லேப் தீயில் கருகிப்போன மூல நெகட்டிவ் அது. இத்தாலியின் போலோன்யாவில் காய்ந்த பிலிமுக்கு ஈரம் ஏற்றி, ஓரத்து ஓட்டைகளைக் கையால் சரிசெய்து, முடிந்தவரை மீட்டார்கள். முதல் படத்தில் ரயில் பார்க்கக் குழந்தைகள் ஓடும் காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். பழைய டிவிடியில் வெள்ளைத் திட்டாகக் கிடந்த நாணல் பூ, இதில் கதிர் கதிராக ஆடும்.